டாக்டர் பட்டத்திற்குப் பின் ரிசர்வ் வங்கியில் ஆராய்ச்சிப் பணி

பெங்களூரு நகரின் மேற்குப் புறத்தில், நாகரபாவியில், சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. 1972ஆம் ஆண்டில் இதனை நிறுவியவர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ். 1908இல் காஞ்சிபுரத்தில் பிறந்த அவர், இந்தியாவின் நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றவர். தில்லிப் பொருளாதாரப் பள்ளி, பொருளாதார வளர்ச்சி நிறுவனம் ஆகிய இரண்டையும் தலைநகரில் நிலைபெறச் செய்த பிறகு, அறுபது வயதைக் கடந்த நிலையில் பெங்களூரில் இம்மூன்றாவது நிறுவனத்தைத் தொடங்கினார். ரிசர்வ் வங்கியின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவி ஒன்றும் இங்கு ஏற்படுத்தப்பட்டது. ஆகவே நாகரபாவியில் ஆய்வு செய்யும் மாணவருக்கு ரிசர்வ் வங்கி என்பது தொலைவில் உள்ள பெயரன்று.

இந்நிறுவனத்திலும், நகரின் பல்கலைக்கழகங்களிலும், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூரு மையத்திலும் ஆய்வை முடித்து வெளிவரும் இளைஞர்கள், கல்லூரி ஆசிரியப் பணிக்கு அடுத்தபடியாக நினைப்பது பெரும்பாலும் மைய வங்கியைத்தான். ஆனால், எவ்வாறு விண்ணப்பிப்பது என்ற கேள்வியை அவர்கள் பட்டம் கைக்கு வந்த பிறகே கேட்கின்றனர். அப்போது சிலருக்குக் காலம் கடந்துவிடுகிறது. அது ஏன் என்பதையும், மைய வங்கி ஓர் ஆராய்ச்சியாளரிடம் உண்மையில் எதனை எதிர்பார்க்கிறது என்பதையும் இங்கு காண்போம்.

வங்கியில் ஆராய்ச்சி எதற்கு?

நாணயம் அச்சிடுவதும் வங்கிகளைக் கண்காணிப்பதும் செய்யும் ஒரு நிறுவனத்திற்கு ஆராய்ச்சி எதற்கு என்ற ஐயம் அதிகாரிகளிடையே கூட உண்டு. ரிசர்வ் வங்கி 1935ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பணியைத் தொடங்கியது. 1949 ஜனவரி முதல் நாள் நாட்டுடைமையாயிற்று. இவ்விரண்டு நாட்களுக்கும் இடையில், 1945இல், ஆராய்ச்சி, புள்ளி விவரத் துறை தனியாக உருவாக்கப்பட்டது. 1947 ஜனவரியிலிருந்து வங்கியின் மாத வெளியீடு வந்துகொண்டிருக்கிறது. நாடு விடுதலை பெற்ற ஆண்டு அது. கணக்குகளே சரிவரக் கிடைக்காத காலம்.

அத்துறையின் உழைப்பு நாட்டு மக்களின் வாழ்வைத் தொட்டதற்கு அகில இந்திய கிராமக் கடன் ஆய்வைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. 1951-52இல் 75 மாவட்டங்களில், 600 கிராமங்களில், ஏறத்தாழ 1,27,000 குடும்பங்களை அணுகி விவரங்கள் திரட்டப்பட்டன. ஏ.டி. கோர்வாலா தலைமையில், டி.ஆர். காட்கில், பி. வெங்கடப்பையா, என்.எஸ்.ஆர். சாஸ்திரி ஆகியோரைக் கொண்ட குழு இதனை நெறிப்படுத்தியது. 1954இல் வெளிவந்த அறிக்கை சொன்ன செய்தி எளிமையானது, ஆனால் அதிர்ச்சி தருவது. உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது 3.1 சதவீதம், அரசு அளித்தது 3.3 சதவீதம், வணிக வங்கிகள் அளித்தது ஒரு சதவீதத்திற்கும் குறைவு. பெரும்பகுதி லேவாதேவிக்காரர்களின் கையில் இருந்தது. அக்குழுவின் பரிந்துரையை ஒட்டி 1955 ஜூலை முதல் நாள் இம்பீரியல் வங்கி, பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. ஒரு கேள்வித்தாளுடன் கிராமத்திற்குச் சென்ற கள ஆய்வாளர்களின் உழைப்பு, நாட்டின் மிகப் பெரிய வங்கி உருவாகக் காரணமாயிற்று.

இன்று இப்பணி இரண்டு துறைகளாகப் பிரிந்து நடைபெறுகிறது. ஒன்று, பொருளாதார, கொள்கை ஆராய்ச்சித் துறை. மற்றொன்று, புள்ளி விவர, தகவல் மேலாண்மைத் துறை. முன்னது வங்கியின் ஆண்டறிக்கை, நாணயமும் நிதியும் பற்றிய அறிக்கை, மாநில அரசுகளின் வரவு செலவுத் திட்டங்கள் பற்றிய ஆய்வு போன்றவற்றைத் தயாரிக்கிறது. பின்னது புள்ளி விவரங்களைத் திரட்டுவதோடு மாதிரி ஆய்வுகளையும் நடத்துகிறது. விலைவாசி எவ்வளவு உயரும் என்று குடும்பத்தினர் எதிர்பார்க்கிறார்கள் என்பதை 2005ஆம் ஆண்டு முதல் வங்கி கேட்டறிந்து வருகிறது. அவ்வாறு கேட்கப்படும் நகரங்களுள் பெங்களூரும் ஒன்று.

விண்ணப்பமும் வயதும்

அமெரிக்காவில் மைய வங்கியின் ஆராய்ச்சிப் பணிக்கு ஆள் எடுக்கும் முறை வேறு. அங்குள்ள மைய வங்கியின் வாரியத்தில் மட்டும் டாக்டர் பட்டம் பெற்ற பொருளியலாளர் நானூறு பேருக்கு மேல் பணியாற்றுகின்றனர். ஆய்வு முடியும் ஆண்டில் மாணவர் தம் சிறந்த கட்டுரை ஒன்றையும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் அனுப்புகிறார், பின்னர் நேர்காணல், அதன் பின்னர் அவ்வலுவலகத்திற்கே சென்று தம் கட்டுரையைப் பற்றி உரையாற்றுகிறார். ஆய்வேடே அங்கு நுழைவுச் சீட்டு.

நம் ரிசர்வ் வங்கியில் நிலைமை அவ்வாறன்று. டாக்டர் பட்டம் பெற்றவர்களுக்கென்றே தனியாக ஆராய்ச்சிப் பணியிடங்களை வங்கி அறிவித்த காலங்களும் உண்டு. எனினும் வழக்கமான வாயில், ரிசர்வ் வங்கிப் பணிகள் வாரியம் நடத்தும் 'பி' நிலை அதிகாரிகளுக்கான நேரடித் தேர்வே ஆகும். இதற்கு அடிப்படைத் தகுதி முதுநிலைப் பட்டம்தான். பொருளியல், கணிதப் பொருளியல், பொருளாதார அளவியல், நிதியியல் முதலிய பாடங்களில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் வேண்டும். புள்ளி விவரத் துறைக்குப் புள்ளியியலும் அதனைச் சார்ந்த பாடங்களும். டாக்டர் பட்டம், ஆராய்ச்சி அல்லது ஆசிரியப் பணி அனுபவம், தரமான இதழ்களில் வெளிவந்த கட்டுரை ஆகியன 'விரும்பத்தக்க' தகுதிகளாகவே குறிக்கப்படுகின்றன. ஆறாண்டு உழைத்தவர்க்கு இச்சொல் சற்றே மனவருத்தம் தரலாம். ஆயினும் அறிவிப்பைப் படிக்கும்போது அதன் பொருளை உள்ளபடி உணர்வது நல்லது.

பட்டம் நேரடியாகத் தரும் சலுகை வயதில்தான் உள்ளது. பொதுவான உச்ச வயது 30. எம்.பில். பெற்றவர்க்கு அது 32. டாக்டர் பட்டம் பெற்றவர்க்கு 34. பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு விதிகளின்படி தளர்வு உண்டு. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'பெற்றவர்' என்பது. ஆய்வேட்டை அளித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவர் பட்டம் பெற்றவராகார்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இருபத்து மூன்று வயதில் முதுநிலைப் படிப்பு முடிகிறது. தகுதித் தேர்வு எழுதி, இடம் கிடைத்து, பதிவு செய்யும்போது இருபத்தைந்து. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி டாக்டர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், மிகுதியாக ஆறு ஆண்டுகள். கள ஆய்வு செய்பவர் எவரும் மூன்றாண்டில் முடிப்பதில்லை. ஆறு ஆண்டு ஆகும்போது வயது முப்பத்தொன்று. அப்போதே பட்டம் கையில் இல்லையெனில், அந்த ஆண்டின் தேர்வு அவருக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவருக்கு இவ்வாறே நேர்ந்தது. உழைப்பாளி, தம் முப்பதாம் வயது முடியும் முன்னரே ஆய்வேட்டை அளித்துவிட்டார். வெளித் தேர்வாளர் ஒருவரின் அறிக்கை வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் சென்றது, மற்றொன்றும் சென்றது. ஒன்பது மாதங்கள் கழிந்தன. இடையில் வங்கியின் அறிவிப்பு வந்து, விண்ணப்பிக்கும் கடைசி நாளும் போயிற்று. முப்பதுக்கு மேல், முப்பத்து நான்கிற்குக் கீழ், பட்டமும் இல்லை என்ற இடைவெளியில் அவர் நின்றார். இது தேர்வாளரின் குற்றமா, அலுவலகத்தின் குற்றமா என்று நான் ஆராய முற்படவில்லை. ஆய்வேட்டைத் தேர்வாளருக்கு அனுப்பும் பொறுப்பில் உள்ள அதிகாரிகள் இதனைப் படிக்க நேர்ந்தால், மேசையில் ஒரு கோப்பு தங்கும் மாதங்கள் மற்றொருவரின் வயதாகவும் கணக்கிடப்படுகின்றன என்பதை நினைவிற் கொள்ளலாம்.

பணியிடங்களின் எண்ணிக்கையும் நிலையானதன்று. பொருளாதார ஆராய்ச்சித் துறைக்கு 2022இல் 31 இடங்கள் அறிவிக்கப்பட்டன, 2023இல் 38, 2024இல் 21. அந்த 2024ஆம் ஆண்டு அறிவிப்பில் புள்ளி விவரத் துறைக்கு இருந்தவை 7 மட்டுமே. நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். இவற்றுள்ளும் பிரிவு வாரியான ஒதுக்கீடு உண்டு. ஆகவே ஓராண்டை இழப்பது சிறிய இழப்பன்று.

தேர்வு எதனை அளக்கிறது?

அண்மை ஆண்டுகளின் முறைப்படி, முதற்கட்டத்தில் பொருளியலில் கொள்குறி வினாத்தாள் ஒன்றும் ஆங்கிலத்தில் விரித்தெழுதும் தாள் ஒன்றும் உள்ளன. ஆங்கிலத் தாளைக் கணினியில் தட்டச்சு செய்தே எழுத வேண்டும். இரண்டாம் கட்டத்தில் பொருளியலில் விரிவான விடை எழுத வேண்டும். இறுதியில் 75 மதிப்பெண்ணுக்கு நேர்காணல்.

நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பன்னாட்டு வணிகம், பொது நிதி, இந்தியப் பொருளாதாரம், புள்ளியியல் முறைகள் என்று பாடத்திட்டம் பரந்து கிடக்கிறது. ஆய்வு மாணவருக்கு இதுவே பெரும் தடை. ஐந்து ஆண்டுகள் ஒரே கிணற்றைத் தோண்டியவர், முதுநிலை முதலாண்டில் படித்த நுகர்வோர் சமநிலையை மறந்திருப்பார். அதே தேர்வை எழுதும் இருபத்து மூன்று வயது இளைஞருக்கு அது நேற்றுப் படித்த பாடம். எழுத்துத் தேர்வில் டாக்டர் பட்டம் பெற்றவர் பின்தங்குவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. இந்த மறதியே காரணம். ஆய்வின் மூன்றாம் ஆண்டிலிருந்து நாள்தோறும் ஒரு மணி நேரம் பொதுப் பாடங்களுக்கு ஒதுக்குவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இருப்பதாகத் தெரியவில்லை. ஆய்வு நெறியாளர்கள் சிலர் இதனைக் கவனச் சிதறல் என்று கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை.

தட்டச்சும் ஒரு சிறு செய்தியன்று. எண்ணங்களை ஒழுங்குபடுத்தி, குறித்த நேரத்திற்குள், திருத்தி எழுத நேரமின்றி ஆங்கிலத்தில் கட்டுரை அமைப்பது பயிற்சியால் மட்டுமே வரும். தமிழ் வழியிலோ கன்னட வழியிலோ பள்ளிக் கல்வி பெற்ற மாணவர்கள் இத்தாளுக்குத் தனியே தயாரிக்க வேண்டும்.

கோலார் தக்காளியும் நேர்காணலும்

நேர்காணலில்தான் ஆய்வு பயன்படுகிறது; அதுவும் ஒரு குறிப்பிட்ட வகையில். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

பெங்களூருக்குக் கிழக்கே கோலார் மாவட்டம் உள்ளது. வற்றாத ஆறு இல்லாத வறண்ட பூமி; ஏரிப் பாசனமும் ஆழ்துளைக் கிணறும் கொண்டு வாழ்வது. அதன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. இம்மாவட்டத்தின் காய்கறி உழவர்களின் கடன் நிலை பற்றி ஒரு மாணவர் ஆய்வேடு எழுதியிருப்பதாகக் கொள்வோம். அதில் உழவர் எவ்வளவு கடன் வாங்கினார், யாரிடம் வாங்கினார், விலை வீழ்ந்தபோது என்ன செய்தார் என்பதெல்லாம் நாலைந்து ஆண்டு உழைப்பில் திரட்டப்பட்டிருக்கும்.

2023 ஜூலையில் தக்காளி விலை நாடெங்கும் விண்ணை முட்டியது. முந்தைய மாதங்களில் விலை வீழ்ந்ததால் உழவர்கள் பயிர்ப் பரப்பைக் குறைத்திருந்தனர்; செடியில் நோய் கண்டது; மழையும் கெடுத்தது. நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி நாட்டின் பணவீக்கம் அம்மாதத்தில் 7.44 சதவீதத்தை எட்டியது. 2016இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்படி பணவீக்கத்திற்கு வகுக்கப்பட்ட இலக்கு 4 சதவீதம். மேல் வரம்பு 6. அந்தக் குறியீட்டின் 2012 அடிப்படை ஆண்டுத் தொடரில் காய்கறிகள் அனைத்திற்கும் சேர்த்து அளிக்கப்பட்ட எடை 6 சதவீதமே. அவ்வளவு சிறு பகுதி முழுக் குறியீட்டையும் வரம்பிற்கு வெளியே தள்ளிற்று. ஆகஸ்ட் 8 முதல் 10 வரை பணக் கொள்கைக் குழு கூடியது. ஜூலை மாதக் குறியீடு அப்போது வெளியாகியிருக்கவில்லை. ஆனால் சந்தை விலை எல்லோர்க்கும் தெரிந்திருந்தது. வட்டி விகிதத்தை உயர்த்துவதா, வேண்டாமா?

இக்கேள்விக்கு விடை தக்காளிச் செடியில் இருந்தது. நாற்று நட்டு இரண்டு மாதங்கள் சற்று கடந்தால் பறிப்பு தொடங்குகிறது. விலை ஏறியதைக் கண்டு ஜூலையில் நட்டவரின் காய் செப்டம்பருக்குள் சந்தைக்கு வரும். அப்படியானால் இவ்விலையேற்றம் தானே தணியும். வட்டியை உயர்த்தித் தொழில்களைத் தண்டிக்க வேண்டியதில்லை. ஆனால், தக்காளியைக் கண்டு மக்கள் மற்ற விலைகளும் ஏறும் என்று எதிர்பார்க்கத் தொடங்கினால்? கூலியும் வாடகையும் அதனைப் பின்தொடர்ந்தால்? அப்போது பொறுத்திருப்பது தவறாகும். குழு அன்று வட்டி விகிதத்தை 6.50 சதவீதத்திலேயே நிறுத்தியது. பணவீக்கம் ஆகஸ்டில் 6.83 சதவீதமாகவும் செப்டம்பரில் 5.02 சதவீதமாகவும் இறங்கியது.

மைய வங்கி ஆராய்ச்சியாளரின் வேலை இதுதான். ஆய்வு மாணவர் தம் கேள்வியைத் தாமே தேர்ந்தெடுத்து, விடை காண ஐந்து ஆண்டு எடுத்துக்கொள்கிறார். வங்கியில் கேள்வி வெளியிலிருந்து வருகிறது; விடைக்குச் சில நாட்களே உண்டு; விவரங்கள் குறையாகவே கிடைக்கும். அதற்காக விடை தளர்வாக இருக்கவும் கூடாது. கோலாரில் களம் கண்டவர், பயிர்க் காலம், சந்தை வரத்து, உழவரின் கைப்பணம் ஆகியவற்றை ஒருங்கே அறிந்தவர். அவ்வறிவை இரண்டு பக்கக் குறிப்பாக, துறை அறியாத ஒருவர்க்கும் விளங்கும்படி எழுதித் தர அவரால் இயலுமா என்பதே கேள்வி. நேர்காணலில், 'உங்கள் ஆய்வின் முடிவு என்ன?' என்ற வினாவிற்குத் தம் முறையியலை விவரிக்கத் தொடங்குபவர் பலர். வினவுபவர் கேட்பது, அம்முடிவு உண்மையெனில் எதை மாற்ற வேண்டும் என்பதையே. ஆய்வேட்டின் சாரத்தை மூன்று நிமிடத்தில், பொருளியல் படிக்காத நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பழகுவது பயன் தரும்.

பிற வாயில்கள்

தேர்வில் தவறினால் வழியே அடைந்துவிடுவதில்லை. ரிசர்வ் வங்கி 1987இல் மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், வங்கியின் துணையுடன் பின்னர் அமைந்த உயர் நிதி ஆராய்ச்சி, பயிற்சி மையம் ஆகியவற்றில் டாக்டர் பட்டமே அடிப்படைத் தகுதி. அங்கு ஆய்வுக் கட்டுரைகளே பேசும். பல்கலைக்கழகத்திலிருந்து வங்கிக்குள் வந்தோரும் உண்டு. அரியலூரில் பிறந்த டாக்டர் சி. ரங்கராஜன் 1964இல் பென்சில்வேனியாவில் டாக்டர் பட்டம் பெற்று, ஆசிரியராகப் பணியாற்றி, 1982இல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார். 1992 முதல் 1997 வரை ஆளுநராக இருந்தார். 2016இல் அமைந்த முதல் பணக் கொள்கைக் குழுவிற்கு அரசு நியமித்த மூவருமே பேராசிரியர்கள். அதே குழுவில் வங்கியின் அதிகாரியாக இடம் பெற்ற டாக்டர் மைக்கேல் பாத்ரா 1985இல் வங்கியில் சேர்ந்தவர். பின்னர், 2020 முதல் 2025 வரை, துணை ஆளுநராகப் பணியாற்றினார். எனினும் இத்தகைய உயர் பதவிகளை நம்பி இளைஞர் திட்டமிட முடியாது.

பணியில் சேர்ந்த பின்

2024ஆம் ஆண்டு அறிவிப்பின்படி தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 55,200 ரூபாய், படிகள் தனி. நாட்டின் எந்த அலுவலகத்திற்கும் மாற்றப்படலாம். ஆராய்ச்சித் துறையின் தலைமையிடம் மும்பை. பெங்களூரில் நிருபதுங்க சாலையில் உள்ள அலுவலகத்திலேயே இருந்துவிடலாம் என்று எண்ணி விண்ணப்பிப்பவர் ஏமாறுவார்.

எழுதுவதெல்லாம் தம் பெயரில் வெளிவரும் என்று எதிர்பார்ப்பதும் கூடாது. ஆண்டறிக்கையின் ஒரு பத்தியைப் பலர் பல முறை திருத்துவார்கள். அது வங்கியின் குரலாக வெளிவரும். பெயருடன் எழுத மாத வெளியீட்டின் கட்டுரைகளும், 2011 முதல் வரும் ஆய்வுக் கட்டுரை வரிசையும் உள்ளன. அவற்றில், இக்கருத்துகள் ஆசிரியருடையவை, வங்கியினுடையவை அல்ல என்ற குறிப்பு இடம்பெறும். தம் கருத்தை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லலாகாது என்ற இந்தக் கோட்டை ஏற்றுக்கொள்ள மனமில்லாதவருக்குப் பல்கலைக்கழகமே ஏற்ற இடம்; அதில் குறைவு ஒன்றுமில்லை.

மேலே குறிப்பிட்ட மாணவர் அடுத்த ஆண்டு, பட்டம் பெற்ற பிறகு, தேர்வு எழுதினார். எழுத்துத் தேர்வில் வென்றார், நேர்காணலில் தவறினார். அதற்கடுத்த ஆண்டு மீண்டும் எழுதித் தேர்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. நீர்ப்பாசனம் பற்றி ஆய்வு செய்தவரை மாநில அரசுகளின் கடன் பத்திரங்களைக் கவனிக்கும் பிரிவில் அமர்த்தினார்கள். முதல் மூன்று மாதங்கள் ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு மாநிலத்தின் பாசனச் செலவுக் கணக்கில் இருந்த முரண்பாட்டைத் தாம்தான் முதலில் கண்டதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்.